கனமில்லாத சிக்கன் கேசரோல்: கொழுப்பைக் குறைத்தும் தண்ணீர் விடாமல் செய்வது எப்படி?

கேட்கப்பட்டது இதுதான்: அமெரிக்க வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குச் செய்கிற சிக்கன், பிரோக்கோலி, அரிசி கேசரோல், அதாவது எல்லாவற்றையும் சாஸோடு ஒரே தட்டில் கலந்து ஓவனில் பேக் செய்யும் பண்டம். டப்பா சூப், சவர் க்ரீம், மயோனீஸ், சீஸ் எல்லாம் சேர்த்துச் செய்தால் ருசியாக இருக்கிறது, ஆனால் சாப்பிட்டு எழுந்தால் வயிறு கல்லாகக் கனக்கிறது. கொழுப்பு குறைந்த சாமான்களாக மாற்றிப் போட்டால் தட்டில் தண்ணீர் ஓடுகிறது, வாயில் சப்பென்று இருக்கிறது. ஆறு பேர் சாப்பிடும் அளவுக்கு, வயிற்றுக்கு இலகுவாக, ருசி கெடாமல் எப்படிச் செய்வது?

செய்முறைக்குப் போகும் முன், பழைய முறையில் கொழுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம். வழக்கமான ஒரு தட்டுக்கு இரண்டு டப்பா க்ரீம் சூப், ஒரு கப் சவர் க்ரீம், அரை கப் மயோனீஸ், இரண்டு கப் துருவிய செடார் சீஸ், மேலே தூவ ஒரு பொட்டலம் உப்பு பிஸ்கட், அதில் பிசற ஒரு கட்டி வெண்ணெய், அதாவது 113 கிராம். சிக்கனைத் தவிர்த்து மற்றதை மட்டும் கூட்டினாலே கொழுப்பு சுமார் 350 கிராம் வரும். ஆறாகப் பிரித்தால் ஆளுக்கு 60 கிராமுக்குப் பக்கம். இதில் பெரிய பங்கு சூப்பிலிருந்து வருவதில்லை. மேலே தூவும் பிஸ்கட்டுக்கான வெண்ணெய், மயோனீஸ், சீஸ் ஆகிய மூன்றுமே பாதிக்கு மேல் கொண்டுவருகின்றன. சூப் டப்பாவின் கோளாறு வேறு: ஒரு டப்பாவிலேயே சோடியம் ஏறத்தாழ 2000 மில்லிகிராம் இருக்கும். பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு இதற்குக் கீழே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவே அதுதான்.

அந்த டப்பாவைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பதிலும் நியாயமில்லை. காம்ப்பெல் நிறுவனம் 1934-இல் காளான் க்ரீம் சூப்பைக் கொண்டுவந்தபோது, மாவும் வெண்ணெயும் பாலும் வைத்துக் கிளற வேண்டிய வெள்ளை சாஸை டப்பாவைத் திறந்ததும் கிடைக்கும்படி செய்துவிட்டது. 1955-இல் அதே நிறுவனத்தின் சமையற்கூடத்தில் டார்காஸ் ரெய்லி பீன்ஸ் கேசரோலை உருவாக்கிய பிறகு, கேசரோல் என்றாலே டப்பா சூப் என்று ஆகிப்போனது. நாம் செய்யப்போவது அந்தச் சாஸைத் திரும்ப அடுப்பில் ஏற்றுவது. இருபது நிமிட வேலை. அதைச் செய்தால் மயோனீஸும் சவர் க்ரீமும் தேவையே படாது.

இப்போது தண்ணீர் விஷயம். இந்தச் சமையலில் ஜெயிப்பதும் தோற்பதும் இதில்தான். மயோனீஸும் முழுக்கொழுப்புச் சீஸும் காய்கறி விடும் நீரை ஓரளவு தங்களோடு கலந்து வைத்துக்கொள்ளும். அவற்றை எடுத்துவிட்டால் அந்த நீரைப் பிடிக்க ஆள் இல்லை. கடையில் கிடைக்கும் கொழுப்பு குறைந்த மாற்றுகளோ, எடுத்த கொழுப்பின் இடத்தில் பெரும்பாலும் தண்ணீரைத்தான் வைத்திருக்கின்றன. பிரோக்கோலியும் காளானும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஓவனில் வேகும்போது அதில் நிறைய வெளியே வரும். ஆகவே சாமானை மாற்றும் முன் தண்ணீரை ஒழிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தட்டில் சேர்ப்பதற்கு முன்பே அதனிடமிருந்து நீரை வாங்கிவிட்டால், கொழுப்பை நாலில் ஒரு பங்காகக் குறைத்தாலும் கேசரோல் நிற்கும்.

தேவையானவை, ஆறு பேருக்கு:

எலும்பும் தோலும் இல்லாத சிக்கன் 600 கிராம்
பாசுமதி அரிசி 200 கிராம் (ஒரு கப்)
பிரோக்கோலி 400 கிராம், காளான் 250 கிராம்
பெரிய வெங்காயம் 150 கிராம், பூண்டு 3 பல்
வெண்ணெய் 20 கிராம், மைதா 6 மேசைக்கரண்டி (48 கிராம்)
பால் 450 மி.லி., சிக்கன் வேகவைத்த சாறு 300 மி.லி.
தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 120 கிராம்
நன்கு முதிர்ந்த செடார் சீஸ் 90 கிராம்
டிஜான் கடுகு விழுது 2 தேக்கரண்டி, வொர்செஸ்டர் சாஸ் 2 தேக்கரண்டி
காய்ந்த தைம் 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் முக்கால் தேக்கரண்டி, ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை
எலுமிச்சை ஒன்று
பிரெட் தூள் 40 கிராம், எண்ணெய் 2 தேக்கரண்டி
வேகவைக்க பிரியாணி இலை, முழு மிளகு, உப்பு

இந்த அளவுக்குச் சிக்கனையும் சேர்த்து ஆளுக்குக் கொழுப்பு 16 கிராம், புரதம் 35 கிராம், மொத்தம் 500 கலோரி என்ற கணக்கில் வரும். பால் 3 சதவீதக் கொழுப்புள்ளதாக இருக்கட்டும். ஆவின் என்றால் நீல பாக்கெட். அமெரிக்காவில் 2 சதவீதப் பால் போதும். கொழுப்பே இல்லாத பாலில் சாஸ் மெலிந்து, நீலம் பாரித்தாற்போல் இருக்கும். அதில் மிச்சமாவது ஆளுக்கு இரண்டு கிராம்தான், அதற்காக ருசியை விட வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி, கொழுப்பு நீக்கிய எவாபரேட்டட் மில்க். 354 மி.லி. டப்பா ஒன்றும் 100 மி.லி. சாதாரணப் பாலும் சேர்த்தால் கணக்கு சரியாகும். பால் ஏற்கெனவே சுண்டியது என்பதால் புரதம் அதிகம், சாஸ் சுலபத்தில் திரியாது. சர்க்கரை சேர்த்த கண்டென்ஸ்டு மில்க் வேறு. பெயர் பார்த்து எடுங்கள்.

தயிர் வீட்டுத் தயிராக இருந்தால் 250 கிராமை மெல்லிய துணியில் கட்டி ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் தொங்கவிட்டால் 120 கிராம் அளவுக்குக் கெட்டியாக நிற்கும். அன்று உறைந்த, புளிக்காத தயிர்தான் வேண்டும். ஃபிரிட்ஜில் இரண்டு நாள் கிடந்து புளித்தது சாஸைத் திரிக்கும், எலுமிச்சை சேரும்போது புளிப்பும் தூக்கும். கடையில் வாங்கும் கிரீக் யோகர்ட்டை அப்படியே போடலாம். வனிலா போட்டதும் இனிப்பு போட்டதும் அதே அடுக்கில்தான் இருக்கும்.

சிக்கனில் ஆரம்பிப்போம். நெஞ்சுக்கறி தடிமனாக இருந்தால் கத்தியைப் படுக்கையாக விட்டு இரண்டு பாளமாகப் பிளந்துகொள்ளுங்கள். 900 மி.லி. குளிர்ந்த தண்ணீரில் சிக்கன், அரை வெங்காயம், பிரியாணி இலை, ஆறேழு மிளகு, முக்கால் தேக்கரண்டி உப்பு போட்டு மிதமான தீயில் வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் வெந்து இறுகி, உள்ளே வேகும்போது வெளியே நாராகிவிடும். ஓரத்தில் சின்னக் குமிழ்கள் எழும்பத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, தளதளவென்று கொதிக்க விடாமல் 10 முதல் 12 நிமிடம். சமையல் வெப்பமானி இருந்தால் தடித்த இடத்தில் 68 முதல் 70 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுத்துவிடலாம், ஏனென்றால் சூடாகவே ஓவனுக்குப் போய் அங்கே 74 டிகிரியை எட்டும். கேசரோலை அப்போதே பேக் செய்வதானால் மட்டும் இந்தச் சலுகை. இன்று அடுக்கி நாளைக்குப் பேக் செய்யப்போகிறீர்கள் என்றால் இப்போதே முழுதாக 74 டிகிரி வரை வேகவையுங்கள். அரைகுறையாக வெந்த கோழியை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. வெப்பமானி இல்லாதவர்களும் முழுதாகவே வேகவைத்துக்கொள்வது நல்லது.

வெப்பமானி இல்லையென்றால் இன்னொரு யோசனை: நெஞ்சுக்கறியை விட்டுத் தொடைக்கறி வாங்குங்கள். கொழுப்பு ஆளுக்குச் சில கிராம் கூடும், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் கூடுதலாக வெந்தாலும் சக்கையாகாது. ‘லைட்’ சமையல் என்றாலே நெஞ்சுக்கறிதான் என்று பிடிவாதம் பிடித்து, காய்ந்த நார்களை மென்றுகொண்டிருப்பதில் யாருக்கும் லாபமில்லை.

வெந்த சிக்கனைப் பத்து நிமிடம் ஆறவிட்டு 2 செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். நாராகப் பிய்த்துப் போட்டால் ஒவ்வொரு இழையும் சாஸை உறிஞ்சும், ஓவனில் சீக்கிரம் உலரும். பாத்திரத்தில் மிஞ்சிய சாற்றை வடிகட்டி, பெரிய தீயில் 300 மி.லி. ஆகும் வரை சுண்டவிடுங்கள். அகலமான பாத்திரமானால் கால் மணி நேரத்துக்குள் ஆகிவிடும். டப்பா சூப்பில் கிடைக்கிற கோழி வாசனையை நாம் பெறுவது இங்கிருந்துதான். சுண்டும்போது உப்பும் செறிந்துவிடும் என்பதை மறக்காதீர்கள்; சாஸுக்குத் தனியாக உப்பு போடுவது கடைசியில், ருசி பார்த்த பிறகு.

அரிசியை 20 நிமிடம் ஊறவைத்து, தாராளமான தண்ணீரில் எட்டு நிமிடம்போல் கொதிக்கவிட்டு, நடுவில் ஒரு நூல் வேகாமல் இருக்கும்போதே வடித்து, தட்டில் பரப்பி ஆவி போகவிடுங்கள். மீதியைச் சாஸ் பார்த்துக்கொள்ளும். குக்கரில் குழைய வைத்த சாதம் கூடாது. சாப்பாட்டுப் பச்சரிசியும் வேண்டாம், இரண்டும் ஓவனில் களியாகிவிடும். பாசுமதி இல்லாவிட்டால் உதிரியாக வடித்த புழுங்கலரிசி தாங்கும். அரிசிக்குப் பதில் துருவிய காலிஃபிளவர் போடச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. அரிசி இங்கே நிரப்புவதற்கு மட்டும் இல்லை, கசிகிற நீரைக் குடிக்கும் வேலையும் அதனுடையது. அதை எடுத்துவிட்டு இன்னொரு தண்ணீர்க் காயைப் போட்டால் கேசரோல் சூப்பாகிவிடும். மாவுச்சத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்பவர்கள் அரிசியை 150 கிராமாகக் குறைத்து, சாற்றிலும் 60 மி.லி. குறைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே போக வேண்டாம்.

பிரோக்கோலியை 3 செ.மீ. பூக்களாகப் பிரித்து, தண்டின் தோலைச் சீவிப் பொடியாக நறுக்குங்கள். தண்டை எறியாதீர்கள், பூவைவிட அது நன்றாக வடிவம் காக்கும். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. வடித்ததும் குளிர்ந்த நீரில் ஓர் அலசு. அடுத்து வருவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: சுத்தமான பருத்தித் துண்டில் பூக்களைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். அந்தச் சின்ன மொட்டுகளுக்கிடையில் நிற்கிற தண்ணீர் வடிகட்டியில் எவ்வளவு நேரம் வைத்தாலும் இறங்காது. கவிழ்த்து வைத்தால் துண்டில் பூப்பூவாக ஈரம் படிவதைக் கண்ணால் பார்க்கலாம். உறைந்த பிரோக்கோலி என்றால் கரையவிடாமல், 220 டிகிரி ஓவனில் தட்டில் இடைவெளி விட்டுப் பரப்பி 15 நிமிடம் வறுத்துவிடுங்கள். ஓரம் லேசாகக் கருகினால் இன்னும் நல்லது.

காளானை 5 மி.மீ. தடிமனில் நறுக்கி, எண்ணெய் விடாமல், நன்றாகக் காய்ந்த அகன்ற வாணலியில் ஒரு சிட்டிகை உப்போடு போடுங்கள். முதல் மூன்று நான்கு நிமிடத்தில் நீர் விட்டுக்கொண்டு மிதக்கும். பயப்படாமல் தீயை அப்படியே வைத்திருந்தால் நீர் வற்றி, சத்தம் மாறி, ஓரங்கள் சிவக்கத் தொடங்கும். மொத்தம் எட்டு நிமிடம். 250 கிராம் பாதியாகச் சுருங்கினால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். வாணலி சின்னதாக இருந்தால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். நெரிசலில் காளான் வதங்காது, அவியும்.

அடுத்தது சாஸ். வெள்ளை சாஸுக்கு வெண்ணெயும் மாவும் சம எடையில் எடுப்பது வழக்கம். இங்கே மாவு 48 கிராம், வெண்ணெய் 20 கிராம் மட்டுமே. முழு மாவையும் அந்த வெண்ணெயில் கொட்டினால் மாவு நனையாது. உலர்ந்த கட்டிகளாக உருண்டு, பிறகு எவ்வளவு அடித்தாலும் கரையாது. அதனால் மாவைப் பிரித்துவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி மாவு மட்டும் வெண்ணெயில் வறுபடட்டும். மீதி நான்கை 150 மி.லி. குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் கரைத்துத் தனியே வையுங்கள். வறுத்த மாவின் மணமும் கிடைக்கும், கொழுப்பும் மிச்சம்.

அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை ஒரு சிட்டிகை உப்புடன் சிறு தீயில் எட்டு முதல் பத்து நிமிடம் வதக்குங்கள். அடிப்பிடித்தால் வெண்ணெயைச் சேர்க்காமல் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள், அந்தப் பொன்னிறமும் சாஸுக்குத்தான். பூண்டு, தைம், மிளகுத்தூள் சேர்த்து அரை நிமிடம். மசாலாவை இந்தக் கட்டத்திலேயே, கொழுப்பில் போட வேண்டும். கொழுப்பு குறைவாக இருக்கும்போது வாசனையை ஏற்றிச் செல்ல இருக்கிற ஒரே வண்டி இந்த 20 கிராம் வெண்ணெய்தான். பாலில் போட்ட தைம் அவ்வளவு வாசனை தராது. பிறகு இரண்டு மேசைக்கரண்டி மாவைத் தூவி, பச்சை வாசனை போக இரண்டு நிமிடம் கிளறி, சூடான சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரைத்து, மீதிப் பால் 300 மி.லி., கடைசியில் கரைத்து வைத்த மாவுப் பால். அடியை விடாமல் கிளறிக்கொண்டே இருங்கள். கெட்டிப்பட்டதும் அடுப்பை அணைத்துவிடாதீர்கள். குபுக் குபுக் என்று குமிழி வெடிக்க ஆரம்பித்த பிறகும் சிறு தீயில் நான்கைந்து நிமிடம் வேக வேண்டும். அதற்கு முன் இறக்கினால் மைதாவின் முழுக் கெட்டித்தன்மை வெளிப்படாது, நாக்கில் மாவு ருசியும் நிற்கும். பதம் என்னவென்றால் தோசை மாவைவிடக் கெட்டி, இட்லி மாவைவிடக் கொஞ்சம் இளக்கம். தட்டில் பரிமாற வேண்டிய சாஸைவிட இது கெட்டியாகத் தோன்றுவது சரிதான், காய்கறியில் மிஞ்சியிருக்கும் நீர் இதில்தான் சேரப்போகிறது.

மைதாவுக்குப் பதில் சோள மாவு போடலாமா? பாதி அளவே போதும், பளபளப்பாகவும் வரும். ஆனால் நெடுநேரம் சூட்டிலிருந்தால் இளகும், மறுநாள் சூடாக்கும்போது தண்ணீர் பிரியும். கேசரோலில் மிச்சம் இருக்கத்தான் செய்யும் என்பதால் மைதாவே நல்லது. வேகவைத்த காலிஃபிளவரை மைய அரைத்துச் சாஸில் கலப்பதும் உண்டு. 200 கிராம் சேர்த்தால் மாவை நான்கு மேசைக்கரண்டியாகக் குறைக்கலாம், ருசி மோசமில்லை. காலிஃபிளவரை அதிக நேரம் வேகவிட்டால் மட்டும் வீடு முழுக்க நாறும்.

சாஸை இறக்கி இரண்டு மூன்று நிமிடம் சூடு தணியவிட்டு, கடுகு விழுது, வொர்செஸ்டர் சாஸ், ஜாதிக்காய் சேருங்கள். பிறகு 60 கிராம் சீஸைப் பிடிப் பிடியாகப் போட்டுக் கரையுங்கள். கொதிக்கிற சாஸில் சீஸைப் போட்டால் அதன் புரதம் இறுகி, மணல் மணலாகத் திரிந்து, எண்ணெயைக் கக்கிவிடும். சீஸ் கரைந்த பிறகு ஒரு கரண்டி சாஸை எடுத்துத் தயிரில் கலந்து சூடு பழக்கி, அந்தத் தயிரைப் பாத்திரத்தில் சேருங்கள். கடைசியில் எலுமிச்சைத் தோலின் மஞ்சள் துருவலும் இரண்டு தேக்கரண்டிச் சாறும். இப்போது ருசி பாருங்கள். தனியாகச் சாப்பிட்டால் உப்பு ஒரு படி தூக்கலாகத் தெரிய வேண்டும், உப்பில்லாத அரிசியும் உப்பு குறைந்த காயும் இதில் சேர வேண்டியிருக்கிறதே.

சீஸ் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கொழுப்பு குறைத்த சீஸை வாங்காதீர்கள். கொழுப்பு போனால் மிஞ்சுவது இறுகிய புரதம். உருகுவதற்குப் பதில் ரப்பர் தோலாக மேலே படரும். அதைவிட நல்ல முதிர்ந்த செடாரைக் குறைவாகப் போடுவது மேல். ருசி தூக்கலாக இருப்பதால் 90 கிராம், இளஞ்சீஸ் 200 கிராமின் வேலையைச் செய்யும். நம்மூரில் கிடைக்கும் பதப்படுத்திய கட்டிச் சீஸ் சாஸுக்குள் வழவழப்பாகக் கரையும், ஆனால் உப்பு அதிகம், மேலே தூவினால் அழகாகச் சிவக்காது. அது மட்டும்தான் இருக்கிறதென்றால் முழுவதையும் சாஸில் போட்டு, வொர்செஸ்டர் சாஸைப் பாதியாக்குங்கள். துருவி விற்கும் பாக்கெட்டில் ஒட்டாமலிருக்க மாவு பூசியிருப்பார்கள். கட்டியாக வாங்கித் துருவுவதே நல்லது.

பாத்திரத்துக்கு வருவோம். அமெரிக்கக் குறிப்புகள் எல்லாம் 9×13 அங்குலத் தட்டையே சொல்லும். இந்த அளவு கலவைக்கு அது சரியாக இருக்கும். ஆனால் 25 அல்லது 28 லிட்டர் ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சின்ன மின் ஓவன்) கைப்பிடியோடு சேர்த்து அந்தத் தட்டு நுழையாது. இரண்டு 8×8 அங்குலச் சதுரத் தட்டுகளில் பிரித்துவிடுங்கள், பரப்பளவு ஏறக்குறைய ஒன்றுதான். எதிலானாலும் கலவை 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போக வேண்டாம். ஆழமான கிண்ணத்தில் போட்டால் நடுப்பகுதி சூடாவதற்குள் ஓரம் காய்ந்துவிடும். கண்ணாடித் தட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு காயவைத்த ஓவனில் வைப்பது வெடிப்பதற்கு வழி.

சிக்கன், அரிசி, காளான், சாஸ் நான்கையும் முதலில் கலந்து, பிரோக்கோலியை உடையாமல் கடைசியில் புரட்டி, எண்ணெய் லேசாகத் தடவிய தட்டில் பரப்புங்கள். அழுத்தாதீர்கள். முன்பே 190 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனில், நடு அடுக்கில், மூடாமல் 15 நிமிடம். அலுமினியத் தாள் போட்டு மூடச் சொல்லும் குறிப்புகள் கனமான கேசரோலுக்கு ஒத்துவரும். இதில் மூடினால் கிளம்புகிற ஆவி தாளில் முட்டித் திரும்பச் சாஸிலேயே சொட்டும்.

இது ஓவனில் இருக்கும் நேரத்தில் பிரெட் தூளைத் தயார் செய்யலாம். பழைய முறையில் பிஸ்கட் சிவப்பது வெண்ணெயால். 2 தேக்கரண்டி எண்ணெயை வைத்துக்கொண்டு ஓவனை நம்பினால் தூள் வெளுத்துக் காய்ந்துதான் போகும். அதனால் அடுப்பிலேயே வாணலியில் எண்ணெயைக் காயவைத்து, பிரெட் தூளைப் போட்டு, மிதமான தீயில் நான்கைந்து நிமிடம் பொன்னிறமாக வறுத்துவிடுங்கள். ஆறியதும் மீதி 30 கிராம் சீஸைக் கலந்து, கேசரோல் மேல் தூவி இன்னும் எட்டுப் பத்து நிமிடம். சாஸ் ஓரமெல்லாம் குமிழிட வேண்டும், நடுவில் வெப்பமானி 74 காட்ட வேண்டும். ஓடிஜியில் மேல் கம்பி பக்கத்திலேயே இருப்பதால் கடைசி ஐந்து நிமிடம் கண்ணை எடுக்காதீர்கள். பேக்கரி ரஸ்க்கைப் பொடித்துப் போடுவதானால் இனிப்பில்லாததாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இனிப்பு சேர்க்காத கார்ன்ஃபிளேக்ஸை நொறுக்கிப் போட்டால் வறுக்கவே வேண்டாம்.

வெளியே எடுத்ததும் கரண்டி போடாமல் கால் மணி நேரம் பொறுங்கள். கொதிநிலையில் மாவுச்சாஸ் இளகித்தான் இருக்கும், சூடு இறங்க இறங்கத்தான் இறுகும். பசியில் ஐந்தாவது நிமிடம் வெட்டிவிட்டு ‘தண்ணீராக இருக்கிறது’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

அப்படியும் தண்ணீர் நின்றால், அதன் நிறத்தைப் பாருங்கள், எங்கே தவறியது என்று அதுவே சொல்லும். இளம்பச்சையாகத் தெளிந்த நீர் என்றால் பிரோக்கோலி வடியவில்லை. பழுப்பாக இருந்தால் காளான் வற்றவில்லை. வெள்ளைத் துகள்களோடு மோர்த்தெளிவுபோல் இருந்தால் தயிர் திரிந்திருக்கிறது: ஒன்று தயிர் புளித்தது, இல்லை சாஸ் கொதித்துக்கொண்டிருந்தபோது சேர்த்திருக்கிறீர்கள். மஞ்சள் எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தால் சீஸுக்குச் சூடு அதிகமாகிவிட்டது. நீரே இல்லாமல் களிபோல் ஒட்டினால் அரிசி முதலிலேயே குழைந்திருக்கிறது. பரிமாறும் நேரத்தில் இதில் சரிசெய்யக்கூடியது முதல் இரண்டும்தான். தட்டை ஒரு பக்கம் சாய்த்து நீரைக் கரண்டியால் எடுத்துவிட்டு, மூடாமல் இன்னொரு ஏழெட்டு நிமிடம் ஓவனில் வைக்கலாம்.

சப்பென்று இருக்கிறது என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் கொழுப்பு குறைவு இல்லை. உப்போ புளிப்போ ஒரு படி குறைவாக இருக்கும். முதலில் எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் உப்பு. காரம் வேண்டுமென்றால் கரம் மசாலா பக்கம் போகாதீர்கள், பாலும் சீஸும் அதோடு சேராது. நியூயார்க்கின் திவான் பாரிசியன் உணவகத்தில் பிறந்த சிக்கன் திவான் என்ற பிரோக்கோலி கேசரோலை அமெரிக்க வீடுகளில் செய்யும்போது ஒரு தேக்கரண்டி கறி பவுடர் சேர்ப்பது பழக்கம். மிளகு தைமோடு அதை வெண்ணெயில் பொரியவிட்டால் இந்தச் சாஸுக்கு நன்றாகப் பொருந்தும். பச்சை மிளகாய் இரண்டை விதை நீக்கி வெங்காயத்தோடு வதக்குவதும் சரிதான். பிரோக்கோலி பிடிக்காத பிள்ளைகளுக்குக் கேரட்டையும் பட்டாணியையும் போடலாம். கேரட்டை அரை செ.மீ. சதுரமாக வெட்டி மூன்று நிமிடம் வேகவைக்க வேண்டும். உறைந்த பட்டாணியைக் கரையவிட்டுத் துடைத்துப் போட்டால் போதும்.

முதல் நாளே செய்து வைக்க நினைத்தால், ராத்திரி முழுக்க அரிசி சாஸைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்து, சாறு அல்லது பால் 120 மி.லி. கூடுதலாகச் சேர்த்து அடுக்குங்கள். பிரெட் தூளைத் தனியே டப்பாவில் வையுங்கள். பேக் செய்யும் முன் தட்டை அரை மணி நேரம் வெளியே வைத்து, 180 டிகிரியில் முதல் 20 நிமிடம் மட்டும் தளர்வாக மூடி, பிறகு திறந்து 20 நிமிடம். குளிர்ந்த கேசரோலுக்கு மூடி தேவைப்படுகிறது, இல்லாவிட்டால் நடு சூடாவதற்குள் மேல்புறம் காய்ந்துவிடும். பிரோக்கோலி இந்த முறையில் நிறம் மங்கும், அதைத் தவிர்க்க முடியாது.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்கு அனுப்பிவிடுங்கள். கோழியும் சாதமும் சேர்ந்தது, ராத்திரி முழுக்க மேசையில் விட்டுக் காலையில் சூடாக்கிச் சாப்பிடும் பண்டம் இல்லை. வெந்த சாதத்தில் வளரும் ஒருவகை பாக்டீரியா விடும் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். ஆளுக்கு ஒரு பங்காக எடுத்து, இரண்டு கரண்டிப் பால் தெளித்து, ஆவி பறக்கும் வரை சூடாக்குங்கள். ஃப்ரீசரில் வைப்பதாக இருந்தால் தயிரும் பிரோக்கோலியும் இல்லாமல் செய்து உறையவைத்து, கரைந்த பிறகு தயிரைக் கலந்து, அன்று வேகவைத்த பிரோக்கோலியைச் சேர்த்துப் பேக் செய்யுங்கள். தயிர் சேர்த்து உறையவைத்த சாஸ் கரையும்போது பிரிந்துவிடும், அதைத் திரும்பச் சேர்க்க வழியில்லை.